மேளம் பதிவாகாத நாள்

நெதர்லாந்துக்கு வந்த முதல் மாதம், பக்கத்து வீட்டு ஹென்க் கதவைத் தட்டி, "சனிக்கிழமை எங்கள் வீட்டில் விருந்து. கொஞ்சம் சத்தமாக இருக்கும், பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். சனிக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பூங்கொத்தோடு போய் நின்றேன். அவர் கேட்டது அனுமதி, அழைப்பு அல்ல. இருந்தாலும் கேக் கொடுத்தார்கள். பழவேற்காட்டில், எங்கள் கோட்டைக்குப்பத்தில், சத்தம் போட யாரும் அனுமதி கேட்பதில்லை. சத்தமில்லாமல் இருக்கத்தான் காரணம் சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு காரணத்தை ஒருமுறை நான் சொன்னேன். நிலநடுக்கத் தரவுகளைப் படிப்பது என் தொழில். பூமிக்கடியில் பாறை பிளந்த இடங்களில், நம் காலுக்குத் தெரியாத நுண்ணதிர்வுகள் வந்துகொண்டிருக்கும். சில இடங்களில் கருவி புதைத்து, எந்தக் கருவிக்கு முதலில் அதிர்வு வந்தது என்று ஒப்பிட்டால் பிளவு ஓடும் திசை தெரியும். பழவேற்காட்டுக் கரையில் ஒரு பிளவு இருக்கலாம் என்று எங்கள் ஆய்வுக்கூடம் என்னை மூன்று கருவிகளோடு அனுப்பியது. ஒன்றுக்கு ஆளரவமில்லாத இடம் தேவைப்பட்டது. ஊரில் அப்படி இருந்தது பழைய காலத்து டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் மட்டும்தான். டச்சுச் சம்பளத்தில் வந்து டச்சுக்காரன் பக்கத்திலேயே குழி வெட்டினேன்.

கருவி வைத்த சில நாட்களில் அப்பா இறந்தார். நாங்கள் நைனா என்போம். ஊரில் யார் செத்தாலும் மேளத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டு போகிறவர். ஊர்வலம் கல்லறைச் சுவரை ஒட்டித்தான் போகும். தம்பியைத் தனியே கூப்பிட்டு, மேளமும் வேட்டும் வேண்டாம், பதிவு கெட்டுவிடும் என்றேன்.

"நைனாவுக்கா மேளம் வோணான்ற?"

"பூகம்ப விஷயம்டா. ஊருக்கே நல்லது."

"படிச்சவன் நீ. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மேளக்காரர்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு சும்மா நடந்தார்கள். "செத்தது நைனாவா, மேளமா?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

மேளத்தின் அதிர்வைத் தரவிலிருந்து பிரிப்பது பெரிய வேலை அல்ல. மற்ற இரண்டு கருவிகளின் பதிவோடு ஒப்பிட்டால் போதும். அது அன்றே எனக்குத் தெரியும். வேலை மிச்சம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அன்றைய பதிவில் கடல் கரையை அடிக்கும் அதிர்வு மட்டும் இருக்கிறது. பிளவைப் பற்றி அந்த நாள் ஒன்றும் சொல்லவில்லை.

இத்தனை வருடம் கழித்து, போன வாரம் தம்பியிடம் போனில் இதைச் சொன்னேன்.

"இப்ப இன்னாணா பண்ணச் சொல்ற?"

நான் செத்தால் எனக்கு இங்கேதான் தகனம், பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள், அன்றைக்கு நீ அங்கே மேளம் வை என்றேன்.

"பொணம் இல்லாத ஊர்வலமா? பைத்தியம்னுவானுங்க."

"சொல்லட்டும்."

"முன்னால யாருணா ஆடறது? எனக்கு முட்டி போச்சு."

ஆனாலும் செய்வான். என் உடல் இங்கே ஓசையில்லாமல் எரியும். பழவேற்காட்டில் நாலு பேர், தூக்க ஒன்றுமில்லாமல், மேளத்துக்குப் பின்னால் நடப்பார்கள்.