அடிப்பக்கத் தையல்

என் அண்ணிக்கு எங்கள் வீட்டில் ஒரு பெயர் உண்டு. அவள் காதுபடச் சொல்ல மாட்டோம். பட்டாசு. நெருப்பே வைக்காமல் வெடிக்கிற ரகம்.

அண்ணன் அதற்கு நேர் எதிர், வாயில்லாப்பூச்சி. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் உப்பு ஜாடியைத் தேட மாட்டான். உப்பில்லாமலே சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுப் போய்விடுவான். அவனை நல்லவன் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உயரமான கட்டிடங்களின் வெளிப்பக்கம் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைப்பது அவன் வேலை. உட்கார ஒரு பலகை, அதைத் தாங்கி இறக்க ஒரு கயிறு. இடுப்பில் ஒரு பெல்ட், அந்தப் பெல்ட்டின் வளையத்தில் மாட்டிய இன்னொரு கயிறு. பலகை சரிந்தாலோ, ஆள் எக்கிச் சாய்ந்தாலோ பெல்ட்டுதான் பிடிக்க வேண்டும். வேறு ஒன்றும் கிடையாது.

அண்ணி தையல்காரியானது எந்த ஆசையினாலும் இல்லை, பிடிவாதத்தினால். மூடப்போகிற ஒரு தையல்கடையிலிருந்து மிதி மெஷின் ஒன்றை வாங்கிவந்து கூடத்தில் போட்டாள். யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. முதல் வாரம் முழுக்க வீட்டில் போர்தான். நூல் அறுந்தது. ஊசி ஒடிந்தது. என்னுடைய ஜன்னல் திரையை மெஷின் பல்லுக்குள் இழுத்துப்போட்டு மென்றது. "சனியனே, உன்னைக் காயலான்கடையில போடல, பாரு!" என்று அண்ணி மெஷினைத் திட்டுவாள், உதைப்பாள், பிறகு கால் வலிக்கிறது என்று எங்களையும் திட்டுவாள்.

கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் வந்தார், குனிந்தார், ஊசியைக் கழற்றித் திருப்பி மாட்டினார். தையல் ஓடியது.

"ஊசியோட தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் இருக்கணும்னு தெரியலையாம்மா? ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்" என்று சிரித்துக்கொண்டே கூலி வாங்கிப் போனார்.

அண்ணி அன்று வெடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அந்த மனுஷன் இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று சபதம் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு மெஷின் எந்தக் கோளாறு பண்ணினாலும் தானே கண்டுபிடித்தாள். தையல் தாவினால் ஊசி மழுங்கியிருக்கும், அல்லது நூலுக்குப் பொருந்தாத ஊசியாக இருக்கும். துணி நகராவிட்டால் பல்லுக்கடியில் பஞ்சு அடைந்திருக்கும். துணியின் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால், எல்லோரும் அடி நூல் சுற்றியிருக்கும் பாபினைத்தான் குடைவார்கள். குற்றம் மேல் நூலில் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று, எங்களுக்கு ஒரு மாதத் தூக்கம் போயிற்று.

மெஷின் விஷயத்தில் இவ்வளவு பொறுமை வந்ததே, மனுஷர் விஷயத்தில் வந்ததா என்றால், இல்லை. ஒருமுறை அண்ணன் தயங்கித் தயங்கி, "பேன்ட் பாக்கெட் கொஞ்சம் பிரிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டான். "அப்படியா? கடையில போய்த் தைச்சுக்கோங்க! என் தையல்ல குறை கண்டுபிடிக்கத்தான் உங்களுக்கு வாய் வருதா?" என்று ஆரம்பித்தவள், எல்லோரையும் வம்புக்கு இழுத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். பிறகு நாள்கணக்கில் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். அண்ணன் அதோடு வாயைத் தைத்துக்கொண்டான்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. வெளி ஆள் துணி என்றால் இரண்டு பக்கமும் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் கொடுப்பாள். வீட்டுத் துணி என்றால் மேலோடு சரி. "நம்ம வீட்டுக்குத்தானே" என்பாள்.

அண்ணனின் பெல்ட்டில் வளையத்தைப் பிடித்திருந்த நாடாவின் தையல் நைந்து போயிருந்தது. காண்ட்ராக்டரைக் கேட்டால் அடுத்த மாசம் புதுசு வரும் என்பார். அவருடைய அடுத்த மாசம் எங்கள் யார் ஆயுளிலும் வராது. "கழட்டுங்க, நான் தைச்சுத் தரேன்" என்று சனிக்கிழமை அண்ணி வாங்கிக்கொண்டாள். அதை வீட்டு மெஷினில் தைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நைந்ததற்குத் தைத்தது மேல் என்று நினைத்தோம். தடித்த ஊசி, தடித்த நூல். நாடாவின்மேல் வரிவரியாக அவள் ஓட்டியிருந்த தையல் அச்சடித்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலை அண்ணன் வேலைக்குப் போய்விட்டான். நான் மருந்துக்கடையில் மதிய ஷிப்ட், அதனால் வீட்டில் இருந்தேன். அண்ணி யாருக்கோ தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். வெளி ஆள் துணி. திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் முழுக்க நூல் வளையமாகத் தொங்கியது.

"ஆரம்பிச்சிடுச்சு" என்றாள்.

மேல் நூலை எடுத்துவிட்டு மறுபடி கோத்தாள். அதே வளையம். ஊசியை மாற்றினாள். பாபினை மாற்றினாள். பல்லுக்கடியில் தூரிகை விட்டுச் சுத்தம் செய்தாள். மேல் நூலின் இழுப்பைச் சரிசெய்யும் டென்ஷன் திருகை இறுக்கினாள். எதற்கும் மசியவில்லை. அண்ணியின் மூக்கு விடைத்தது. நான் மெதுவாகச் சமையலறைப் பக்கம் நகர்ந்தேன்.

திருகுக்குப் பின்னால் இரண்டு சின்ன வட்டுகள் இருக்கும். மேல் நூல் அவற்றின் நடுவே போகும்போது இரண்டும் சேர்ந்து அதை இறுக்கிப் பிடிக்கும். அண்ணி ஒரு துணியை மடித்து அந்த வட்டுகளுக்கு நடுவே விட்டு இழுத்தாள். பஞ்சோடு சேர்ந்து ஒரு தடித்த மஞ்சள் நூல் துணுக்கு வெளியே வந்தது. அதுதான் வட்டுகளைச் சேரவிடாமல் தள்ளிவைத்திருக்கிறது.

"மாட்டினியா!" என்று கத்தினாள். கொலைகாரனைப் பிடித்த போலீஸ்காரி போல அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "இங்க வந்து பாரு. ஜீன்ஸ் நூல். சனிக்கிழமை அந்த ஜீன்ஸுக்கு மடிப்புத் தைச்சேன்ல, அப்ப அறுந்துச்சு. ஊசிப் பக்கமா இழுக்காம அவசரத்துல ரீல் பக்கமா இழுத்துட்டேன். உள்ளயே தங்கிடுச்சு."

"அப்ப சனிக்கிழமையிலேருந்தே உள்ள இருக்கா, அண்ணி?"

"ஆமா. ஜீன்ஸுக்கு அப்புறம் நான் வேற எதுவும்..."

நிறுத்திவிட்டாள். அவள் முகம் வெளுத்துப்போவதை நான் கண்ணால் பார்த்தேன். ஜீன்ஸுக்கு அப்புறம் அவள் தைத்தது ஒன்றே ஒன்றுதான்.

"திருப்பிப் பாத்தீங்களா, அண்ணி?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மேலே போகும்போது போனைக் கீழேதான் வைத்துவிட்டுப் போவார்கள், தவறி யார் தலையிலாவது விழுந்துவிடும் என்று. போன் அடிக்கிறது என்றால் அவன் தொங்கிக்கொண்டிருக்கிறான்.

ஸ்கூட்டரை எடுத்தேன். அண்ணி செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஏறினாள். போகிற வழியில் எல்லா சிக்னலும் எங்களுக்கென்றே சிவப்பாக நின்றது. ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று ரோட்டையே அடைத்துக்கொண்டது. மற்ற நாளாயிருந்தால் அண்ணி அந்த டிரைவரின் ஏழு தலைமுறையையும் கூப்பிட்டிருப்பாள். அன்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. என் தோளைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகிக்கொண்டே போயின. எனக்கு அழுகை வந்தது. அழுதால் வண்டி ஓட்ட முடியாது என்று அடக்கிக்கொண்டேன்.

கட்டிட வாசலில் காவலாளி கையை நீட்டி, "பாஸ் இருக்கா?" என்றார். அண்ணி அந்தக் கைக்கடியில் குனிந்து உள்ளே ஓடினாள். நானும் ஓடினேன்.

அண்ணன் கீழே நின்றுகொண்டு வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தான்.

அண்ணி அவன் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள். பிறகு அங்கேயே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் சொன்னேன். "பெல்ட்டு, அண்ணா. தையல் பிடிக்கல. மெஷின் கோளாறு."

"நான் அதைக் கட்டல" என்றான். அவன் இடுப்பில் ஸ்டோரிலிருந்து எடுத்த வேறொரு பழைய பெல்ட் இருந்தது. "அது பெட்டியிலதான் இருக்கு."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமான் பெட்டியைத் திறந்தாள். கயிறு, கொக்கி, துடைக்கிற துணி, அண்ணனின் போன். பெல்ட் இல்லை.

அண்ணன் பெட்டியைப் பார்த்தான். பிறகு மேலே பார்த்தான். அவனோடு வேலை செய்யும் நெட்டை அங்கே பலகையில் உட்கார்ந்திருந்தான். நல்ல பையன், ஆறடிக்கு மேல் வளர்த்தி, அந்தப் பெயர் அதனால்தான். அவனுடைய பெல்ட்டும் எல்லோருடையதையும் போலப் பழசு. புதுத் தையலோடு ஒன்று பெட்டியில் கிடந்தால் யார்தான் எடுக்க மாட்டார்கள்? கட்டிட மூலையில் கை எட்டாத ஒரு கண்ணாடியைத் துடைப்பதற்காக அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தான்.

அண்ணி கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அண்ணன் தன் ஈரக்கையால் அவள் வாயைப் பொத்தினான். "கத்தாத. கத்தினா திரும்பிக் குனிஞ்சு பாப்பான். முழு எடையும் பெல்ட்டுல விழும்" என்று சொல்லிவிட்டு லிப்டுக்கு ஓடினான்.

நாங்கள் கழுத்து ஒடிய அண்ணாந்து நின்றோம். நெட்டை ஒரு முறை நிமிர்ந்தான். அப்பாடா என்றேன். துணியைப் பிழிந்துவிட்டு மறுபடி சாய்ந்தான், முன்னைவிட அதிகமாக. "வேண்டாம்பா, வேண்டாம்பா" என்று அண்ணி மூச்சுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். மொட்டைமாடி விளிம்பில் அண்ணனின் தலை தெரிந்தது. என்ன சொன்னானோ, எப்படிச் சொன்னானோ, கேட்கவில்லை. நெட்டை துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பலகையில் நேராக உட்கார்ந்தான். ஒரு கையால் பலகைக் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கினான். ஒவ்வொரு மாடியும் ஒரு யுகமாகப் போயிற்று.

அவன் கால் தரையில் பட்டதும், "என்னக்கா, எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்று சிரித்தான்.

அண்ணி அவன் இடுப்பிலிருந்து பெல்ட்டை அவிழ்த்தாள். உடம்போடு ஒட்டும் பக்கத்தைத் திருப்பினாள். மேல் நூல் வளையம் வளையமாகத் தொளதொளத்துக் கிடக்க, நடுவில் அடி நூல் ஒரே கோடாகப் படுத்திருந்தது. அதன் நுனியைப் பிடித்து இழுத்தாள். எங்கும் தடுக்காமல் வந்துகொண்டே இருந்தது. அடுத்த வரி. அதற்கடுத்த வரி. மடித்துத் தைத்திருந்த நாடா பிரிந்து, வளையம் சிமென்ட் தரையில் விழுந்து உருண்டது.

நெட்டை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அண்ணன் மூச்சிரைக்க இறங்கி வந்தான். அண்ணி அவனைப் பார்த்தாள். "நீங்க ஏன் இதைக் கட்டல?"

அவன் தரையைப் பார்த்தான்.

"உங்களத்தான் கேக்கறேன். ஏன் கட்டல?"

"நேத்துத் திருப்பிப் பாத்தேன். அடியில சரியில்லாத மாதிரி இருந்துச்சு."

"பாத்துட்டு?"

"பேசாம இன்னிக்குக் கொண்டுவந்து பெட்டியில போட்டுட்டேன். அப்புறமா வேற யார்கிட்டயாவது குடுத்துத் தைச்சுக்கலாம்னு."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. இது என்ன நல்லதனம்? பெண்டாட்டி முகம் கோணக் கூடாது என்று ஒரு வீட்டுப் பிள்ளையை அந்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறான்.

"நான் கத்துவேன்னுதானே?" என்றாள் அண்ணி.

அண்ணன் ஆமாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினான்.

அவன் முகத்தையும் பார்க்க முடியவில்லை, அவள் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அண்ணி நெட்டையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை. பிறகு காண்ட்ராக்டரை அங்கேயே வரவழைத்து, அவரிடம் வைத்துக்கொண்டாள் தன் கச்சேரியை. சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் புது பெல்ட் வந்தது. நல்ல குரல், நல்ல இடத்தில் செலவானது.

அன்று மாலை அண்ணன் சாப்பிட்டு முடித்ததும் அவன் முன்னால் தலையணை உறையைக் கொண்டுவந்து போட்டாள், அடிப்பக்கம் மேலாக. மெஷினைச் சரிசெய்து திரும்பத் தைத்தது.

"பாத்துச் சொல்லுங்க."

"நல்லாத்தான் இருக்கு."

"பாக்காமயே சொல்லாதீங்க. பாருங்க."

அண்ணன் விளக்குக்குக் கீழே பிடித்து விரலால் தடவிக்கொண்டே போனான். ஒரு மூலையில் விரல் நின்றது. என்னைப் பார்த்தான். நான் உதவிக்கு வரவில்லை. எச்சில் விழுங்கிக்கொண்டு, "இங்க ஒரு தையல் தாவியிருக்கு" என்றான்.

அண்ணியின் மூக்கு விடைத்தது. பல்லைக் கடித்தாள். எதிரே இருந்த டம்ளரை அண்ணன் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

"எங்க?" என்று கேட்டுக் குனிந்தாள் அண்ணி.