ஒரு சைஸ் பெரிய ரப்பர் உடை

பினாங்கு தொலைபேசி நிலையத்தில் தவமணிக்கு ட்ரங்க் கால் இணைக்கும் வேலை. அந்தப் பக்கம் ஈப்போ, இந்தப் பக்கம் சிங்கப்பூர், நடுவில் காதுக்கருவி மாட்டிய தவமணி. இணைப்பு விழும் முன் ஒரு கணம், இரு பக்கமும் மூச்சு மட்டும் கேட்கும். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊரார் மூச்சைக் கேட்டவளுக்குத் தன் மூச்சு எப்படியிருக்கும் என்று தெரியாது.

தெரிந்தது பாயார் தீவில்தான். அலுவலகச் சுற்றுலாவுக்குப் போன இடத்தில், யாரோ கொடுத்த முகக்கண்ணாடியையும் குழாயையும் மாட்டி, இடுப்பளவு நீரில் குப்புற மிதந்து, குழாய் வழியே மூச்சு விட்டாள். பேச்செல்லாம் அறுந்துபோனது. உள்ளே போகும் காற்று, வெளியே வரும் காற்று, முகத்தருகே வரிபோட்ட மஞ்சள் மீன்கள். அவ்வளவுதான் உலகம். கூட்டிக்கொண்டு போக ஆள் வந்து தோளைத் தட்டியபோது முதுகு வெயிலில் வெந்திருந்தது.

பிறகு கனவு பிடித்துக்கொண்டது. மத்தியான ஷிஃப்ட் இல்லாத நாளில், ஜெலுத்தோங் ஃப்ளாட்டில் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால் போதும். சுவர் பச்சையாகும், மின்விசிறி திருக்கை மீன் போலச் சிறகடிக்கும். தவமணி பாயிலிருந்து மெல்ல எழும்பி, துணி காயும் கொடிகளுக்கு மேலே நீந்திப் போவாள்.

அந்த ஆண்டு, தொண்ணூற்றொன்றில், இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. நிலையம் புது இயந்திரத்துக்கு மாறுகிறது. ஜூனில் தவமணிக்குக் கோலாலம்பூருக்கு மாற்றல். இன்னொன்று, சூலியா தெருவில் முக்குளிப்புக் கடை வைத்திருக்கும் அப்துல் ரஹீம் நீச்சல் குளத்தில் வகுப்பு நடத்துகிறான். கடைசிப் பரீட்சை பாயார் கடலில். மே மாதத்துக் கடைசிப் படகுதான் அந்தப் பருவத்தின் கடைசிப் படகு. அப்புறம் காற்று திரும்பிவிடும்.

தங்கை அருந்ததி கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஆழந் தெரியாம காலை விடாதேன்னு சொல்வாங்க. நீ ஆழந் தெரிஞ்சே தலையை விடுறியே அக்கா! நாப்பத்தஞ்சு வயசுல மீன் பார்க்கணும்னா பாசாருக்குப் போயேன்லா!"

"சந்தையில இருக்கிறதெல்லாம் செத்த மீன்," என்றாள் தவமணி.

குளத்தில் பிள்ளைகளோடு பிள்ளையாக, நீளச் சட்டையும் கால்சட்டையுமாக இறங்கினாள். பழகியும் விட்டாள். கடலுக்கு அது போதாது. சொறிமீன் கொட்டும், பவளம் கீறும். கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும் ரப்பர் உடை வேண்டும். வாடகை உடைகள் எல்லாம் ஆண்பிள்ளை அளவு. சொந்தமாக வாங்குவது என்று முடிவு செய்தாள்.

ரஹீமின் கடையில் பொருள் வாங்குவது பெண் பார்ப்பதைவிடப் பெரிய சடங்கு. முகக்கண்ணாடிக்கு மட்டும் ஒரு சனிக்கிழமை போனது. வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் காற்றை இழுத்து, கையை விடச் சொல்வான். ஒன்று விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. அடுத்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. அது விழுகிறதா பார்ப்போம் என்று அவளை நிற்க வைத்துவிட்டு, அவன் பாட்டுக்கு எதிர்க்கடைக்காரனோடு பந்து விளையாட்டு பேசினான். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். போகிற ரிக்‌ஷாக்காரர் சிரித்தார்.

"இதான்க்கா உங்க மூஞ்சிக்குன்னே பொறந்தது," என்றான் ரஹீம் கடைசியில்.

அதை வாங்கினாள். உடை விலையைக் கேட்டதும் கை பின்வாங்கியது.

"உடம்பைக் கவ்விப் பிடிக்கணும்க்கா. போட்டுப் பார்த்து, பொருந்தினாத்தான் குடுப்பேன். அவசரப்பட்டா முடியாது."

கவ்விப் பிடிப்பதாம். அந்த வார்த்தையே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பி, நேராகக் கொம்தார் கடைவளாகத்துக்கு நடந்தாள். அங்கே ஒரு பெரிய விளையாட்டுப் பொருள் கடையில் தள்ளுபடி. டென்னிஸ் மட்டைகளுக்கும் கூடாரங்களுக்கும் நடுவே ரப்பர் உடைகள் குவிந்து கிடந்தன. பாதி விலை. துடுப்புக் காலணியும் பாதி விலை. விற்கும் பெண் ரொஸ்னா பறந்து பறந்து கவனித்தாள். போட்டுப் பார்க்க மட்டும் இடமில்லை.

"என்ன சைஸ் அக்கா?"

தவமணியின் கை தானாகவே தன் அளவைத் தாண்டி அடுத்ததை எடுத்தது. அப்பா தியாகராஜா ரயில்வே குமாஸ்தா. வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாமே ஒரு சைஸ் பெரிதாகத்தான் வரும். பள்ளிச் சப்பாத்தின் முனையில் பழைய பேப்பரை அடைத்துப் போட்டுக்கொள்வார்கள். பாவாடை விளிம்பை ஆண்டுக்கு ஒரு மடிப்பாகப் பிரித்து விடுவார்கள். ஒன்று சரியான அளவுக்கு வரும்போது அது கிழிந்திருக்கும். அளவாக வாங்குவது என்றால் வீணாக வாங்குவது என்று எலும்பிலேயே எழுதியிருந்தது.

பாயார் போகும் படகில் அவள் உடையைப் பாசார் பையின் அடியில் ஒளித்து வைத்திருந்தாள். மணிக்கணக்காக நிற்க வைத்துப் பாடம் சொன்னவனிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, வேறு கடையில் வாங்கிய குற்றம். மறைவில் மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். ரஹீம் ஏற இறங்கப் பார்த்தான். ஈயக் குண்டுகள் கோத்த இடுப்புப் பட்டையை எடுத்துக் கொடுத்தான்.

குதித்தாள். மூழ்கவில்லை. உடைக்குள் புகுந்த காற்று முதுகில் கூன் போலத் திரண்டு அவளை மேலே தூக்கியது. அதை வெளியேற்றினால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது. காலை அடித்தால் உடை சாக்குப் பையாகப் புடைத்து இழுத்தது. கீழே நீலம் அவளுக்காகத் திறந்து கிடந்தது; அவள் மேலேயே தக்கையாக ஆடிக்கொண்டிருந்தாள். தொடை சோர்ந்து, உப்புத் தண்ணீர் குடித்து, கடைசியில் ரஹீம் அவளைப் படகுக்கு இழுத்து வந்தான்.

"சாப்பிட்டுட்டு இன்னொரு தடவை இறங்குவோம்," என்றான். "அதுலயும் முடியலன்னா நவம்பர்தான்க்கா."

நவம்பரில் அவள் கடலில்லாத ஊரில் இருப்பாள். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் மடியில் பிரிக்காமலே இருந்தது.

"தம்பி, இதை நான் கொம்தார்ல வாங்கினேன்."

"தெரியுமே. டேக் இன்னும் கழுத்துக்குப் பின்னாடி தொங்குது."

தவமணி கழுத்தைத் தடவினாள். நனைந்த அட்டை கையோடு வந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கடலைப் பார்த்தாள்.

"அட, அதுக்கென்னக்கா. காலணி நல்லா இருக்கு. அந்த விலைக்கு என்னால குடுக்க முடியாது. உடையும் மோசமில்ல, தையலெல்லாம் சுத்தம். ஆனா இது உங்க சைஸ் இல்லியே. ஏன் பெருசு எடுத்தீங்க?"

"வளர்ந்தா..." என்று ஆரம்பித்துவிட்டாள்.

ரஹீம் வாயில் சோற்றோடு அவளையே பார்த்தான். அவளும் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டாள். முதலில் அவள்தான் சிரித்தாள். அவனுக்குப் புரையேறியது.

"இன்னும் எவ்வளவுக்கா வளர்றதா இருக்கீங்க?"

"நீ வித்திருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"வித்திருக்க மாட்டேன்லா. கெஞ்சினாலும் குடுத்திருக்க மாட்டேன். அதனாலதானே என் கடையில ஈ ஓட்டுறேன்."

சிரித்து முடித்ததும் அவளுக்கு யோசனை வந்தது. தளர்ந்ததை அடக்குவது அவளுக்குப் புதிதா? தினமும் ஆறு கெஜத்தை இடுப்பில் அடக்குகிறவள். எழுந்து நின்று, முதுகுப் பக்கத்துத் தொளதொளப்பை இரண்டு கையாலும் கொசுவமாக மடித்தாள். படகில் காற்றுச் சிலிண்டர்களைக் கட்டும் சைக்கிள் டியூப் பட்டைகள் கிடந்தன. "பிடி தம்பி," என்றாள். மடிப்பின் மேல் சிலிண்டர் வாரும் இடுப்புப் பட்டையும் இறுகின. மணிக்கட்டு, முழங்கை, முழங்கால், கணுக்கால் எல்லாவற்றிலும் டியூப் பட்டை.

"கட்டுச்சோத்து மூட்டை மாதிரி இருக்கீங்க."

"மீனுக்குத் தெரியவா போவுது?"

இம்முறை தண்ணீர் அவளை ஏற்றுக்கொண்டது. காதில் மெல்ல அழுத்தம். மூக்கைப் பிடித்து ஊதினாள், விட்டது. மேலே படகின் அடிப்பாகம் ஒரு விரல் நகமாகச் சுருங்கியது. வெளிச்சம் பட்டு நூல்களாக இறங்கி, அடியில் வெள்ளை மணலில் பின்னிப் பின்னிக் கலைந்தது. முழங்காலிட்டு அமர்ந்தாள். ரஹீம் தன் முகத்தைத் தொட்டுக் காட்டினான். பரீட்சை.

முகக்கண்ணாடியைக் கழற்றினாள். கடல் முகத்தில் வந்து கை வைத்தது. கண்ணை மூடி, வாயால் மட்டும் மூச்சு விட்டு, அவசரப்படாமல், அதை மறுபடி பொருத்தி, தலையை உயர்த்தி மூக்கால் ஊதினாள். தண்ணீர் கீழ்விளிம்பு வழியே வெளியேறியது. கண் திறந்தாள். ரஹீம் இரண்டு கையாலும் சத்தமில்லாமல் கைதட்டிக்கொண்டிருந்தான்.

அவன் கையை நீட்டினான். அவள் குலுக்கினாள். பிறகு அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்: மேலே போகலாம்.

தவமணி தலையாட்டி மறுத்தாள். பக்கத்துப் பவளப் பாறையில் ஒரு பொந்து; அதற்குள்ளிருந்து ஏதோ ஒன்று மீசையை மட்டும் நீட்டி அவளை விசாரித்துக்கொண்டிருந்தது. காற்று அளவுமானியை எடுத்து ரஹீமின் முகத்தருகே பிடித்தாள். சிலிண்டரில் இன்னும் பாதி இருந்தது. அவன் முள்ளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு தானும் மணலில் வயிற்றைப் பதித்துப் படுத்துக்கொண்டான்.