லேஸுக்குள் தைத்த பை

ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ரொறன்ரோவில் பஸ் ஏறினேன். ஏறக்குறைய 540 கிலோமீற்றர். மாலை நான்கு மணிக்கு மொன்றியல்-நோரில் அக்காவின் வீட்டில் இருந்தேன்.

கட்டிலில் புதுச் சாறிச் சட்டை கிடந்தது. மே மாதம் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கப்படி, அளவுக்கு ஒரு பழைய சட்டையை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பித் தைப்பித்திருந்தாள். அது, புற்றுநோய்க்காக இடது மார்பை எடுப்பதற்கு முந்திய சட்டை.

"தையல்காரி என்னை முழுசாத் தைச்சு அனுப்பியிருக்கிறாள்," என்று சிரித்தாள். பிறகு, "ஆஸ்பத்திரியிலை மார்புக்குப் பதிலா வைக்கத் தந்த திண்டு கையைத் தூக்க நழுவுது. மணவறையிலை எனக்குப் பதிலா நீ நில்லடி."

"விசர்க் கதை கதையாதை அக்கா."

பழைய உடைகளைப் பற்றித் தேடி வாசிப்பவள் நான். ஞாயிறு காலை அவளையும் மெட்ரோவில் இழுத்துக்கொண்டு போபியன் நிலையத்தில் இறங்கினேன். பழைய உள்ளாடைகள் விற்கும் சிறிய கடை. உரிமையாளர் லூசி ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். 1900களின், இடுப்பை இறுக்கும் கோர்செட்டில் உருக்குப் பட்டிகள். லேஸ் மேல்விளிம்பில் மட்டும். 1920களில் மார்பைத் தட்டையாக்கும் லேஸ் பட்டி.

"அப்ப நான் பாதி பாஷன்," என்றாள் அக்கா.

1930களில் இறப்பர் நூல் வந்து, துணி உடம்போடு இழுபடத் தொடங்கியது. 1950களின் பிரா இடுப்புவரை நீண்டது. லேஸுக்கு அடியில் வட்ட வட்டமாகத் தையல் ஓடி, கூம்பாக நின்றது.

"எடி, ஆளில்லாமலே நிக்குது!"

அக்கா அதன் உட்புறத்தைத் திருப்பினாள். இடது கிண்ணத்துக்குள் சிறிய பருத்திப் பை. வேறு நூல், கைத்தையல். லூசி மன்னிப்புக் கேட்டார்; முன்பு அணிந்தவர் தைத்திருக்க வேண்டும், பிரித்துத் தருகிறேன் என்றார். அக்கா உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டு, "நோ, நோ, மெர்சி," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள்.

விலை அறுபது டொலர்.

வீட்டில் திண்டை அந்தப் பைக்குள் வைத்தாள். கொழுக்கிகளை நான் பூட்டினேன். மேலே புதுச் சட்டை. கண்ணாடி முன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, இல்லாத மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போட்டாள். மூன்று முறை. திண்டு அசையவில்லை.

திங்கள் காலை திரும்பும் பஸ்ஸில், பார்த்தவற்றைப் பத்தாண்டு வாரியாக எழுதினேன். அந்தப் பைக்கு மட்டும் காலம் குறிக்க முடியவில்லை. வழியனுப்ப வந்த அக்கா கேட்டது காதிலேயே நின்றது:

"அவளும் மகளின்ரை கலியாணத்துக்குத்தான் தைச்சிருப்பாள், என்ன?"