நாற்பத்து மூன்று முச்சந்திகள்

தனசேகரன் அண்ணனுக்கு ஒரு பழக்கம். கம்ப்யூட்டரில் ஒரு தெருவைப் போட்டு முடித்ததும் மௌசின் நடு உருளையை அழுத்திப் பிடித்து, திரையில் இருக்கும் ஊரை மெல்லச் சாய்ப்பார். மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பார்வை கீழே இறங்கி, தெரு நடுவில் நிற்கும் ஆளின் உயரத்துக்கு வரும். இடது கண்ணை மூடிக்கொள்வார். ஆள்காட்டி விரலைத் திரைக்கு முன்னால் செங்குத்தாக நிறுத்தி, தெருவின் கோடி எதில் போய் முட்டுகிறது என்று பார்ப்பார். அங்கே ஒரு மரமோ சிவப்புத் தபால்பெட்டியோ இருந்தால் விரலை இறக்கிவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார். நான்கைந்து விநாடி வேலை. எட்டு மாதம் பக்கத்து நாற்காலியிலிருந்து அதைப் பார்த்தேன். கோணம் சரிபார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில், ஒரு சிமெண்டு கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். வீடு கட்டுகிறவர்களுக்குப் ப்ளான் வரைந்து அப்ரூவலுக்கு அனுப்புகிறோம். இன்ஜினியர் தங்கமணி, ப்ளான் வரைகிற தனசேகரன், மனை அளந்து வருகிற நான். மூன்றே பேர். அண்ணனுக்கு முப்பத்தெட்டு வயது; பதினாறு வருஷமாக அதே மேசை. சின்னசேலத்திலிருந்து களமருதூர் வரை அவர் வரைந்த வீடுகள் நிற்கின்றன. எல்லா வீட்டிலும் தென்கிழக்கில் அடுப்பு, தென்மேற்கில் படுக்கை, வடகிழக்கில் சாமி.

"முப்பதுக்கு நாப்பது மனைல எத்தினி தடவதான் கவி அந்த அடுப்பத் தூக்கி மூலைல வெக்கிறது" என்று ஒரு மதியம் என்னிடம் சொன்னார். கோபமாக இல்லை. சோறு ஆறிவிட்டது என்பதைப் போலச் சொன்னார்.

மதியச் சாப்பாட்டு நேரத்திலும், ஆறு மணிக்கு இன்ஜினியர் கிளம்பிய பிறகும் அவர் ஹாரோபெக் ஊரைக் கட்டினார். ஊர் கட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில், இங்கிலாந்தின் வடக்கே இருப்பதாக அவரே பெயர் வைத்துக் கற்பனை செய்த பழைய பஞ்சாலை ஊர் அது. அவர் சென்னையைத் தாண்டிப் போனதில்லை. இணையத்தில் அந்த நாட்டுத் தெருப் படங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகள், வீட்டுக்கொரு புகைபோக்கி, பின்னால் சந்து, சந்தில் குப்பைத்தொட்டி, கரி படிந்த தேவாலயம், அதைச் சுற்றிக் கல்லறைகள், கால்வாய். மேற்கே ஒரு மலை. ஊரில் எப்போதும் மழை தூறும்படி வைத்திருந்தார். வெளியே சித்திரை வெயிலில் ஜன்னல் கம்பியைத் தொட முடியாது. நான் கவிதைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அந்த மழையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இன்ஜினியருக்கு இது தெரியும். படியேறி வரும்போதே ஆரம்பிப்பார்.

"இன்னாய்யா சேகரு, இங்கிலாந்து ராணி வூட்டுக்கு அப்ரூவல் வாங்கிட்டியா?"

"எங்கங்க. சைடுல ஒரு அடி வுடாம ஒட்டி ஒட்டிக் கட்டிக்கினு கெடக்கிறானுங்க. நம்ம ஆபீசர் கையெழுத்தே போட மாட்டாரு."

அண்ணனுக்கு அது வெறும் பொழுதுபோக்கு இல்லை. இங்கிலாந்தில் ஒரு சின்ன நிறுவனம் அந்த விளையாட்டுக்கு ஊர்களும் கட்டடங்களும் செய்து தருகிறது. அசல் பிரிட்டிஷ் ஊரைப் போல ஒன்றைச் செய்து அனுப்புங்கள், ஒருவரை வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம், வீட்டிலிருந்தே செய்யலாம் என்று அறிவித்திருந்தார்கள். அந்த வேலை கிடைத்தால் இந்த மேசையை விட்டு எழுந்துவிடலாம். அவர் அதற்குமேல் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

விளையாட்டின் ஒரே ஒரு விதி மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. "இதுல ரோடு போட்டாத்தான் கவி வூடு வரும். மொதல்ல வூட்ட வெச்சா நிக்காது" என்று இரண்டு மூன்று முறை சொன்னார்.

ஆனி மாதம் ஊரை அனுப்பினார். ஒரு வாரத்தில் பதில் வந்தது. ஹெலன் என்ற பெண் எழுதியிருந்தார். அண்ணன் என்னைப் படிக்கச் சொன்னார். இங்கேயே பிறந்தவர் செய்ததைப் போல இருக்கிறது, கடைசி இருவரில் நீங்கள் ஒருவர் என்று எழுதிவிட்டு, ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். உங்கள் ஊரில் நாற்பத்து மூன்று முச்சந்திகள் இருக்கின்றன. தெரு போய் முட்டும் இடத்தில் ஒன்றில்கூட வீடு இல்லை; மரம், பெஞ்சு, தபால்பெட்டி, அல்லது காலி இடம். எங்கள் ஊர்களில் அங்கேயும் வீடுதான் இருக்கும். நான் வளர்ந்ததே அப்படி ஒரு வீட்டில்தான். வெள்ளிக்கிழமைக்குள் அவற்றை நிரப்பித் தர முடியுமா?

ஊரைத் திறந்து இருவரும் எண்ணினோம். நாற்பத்து மூன்றுதான்.

"தெருக்குத்து" என்றார். "இங்கிலாந்துலயும் போயித் தெருக்குத்து பாத்துக்கினு இருந்திருக்கேன் பாரு."

அவருக்கே அதுவரை தெரிந்திருக்கவில்லை. தெரு நேராக வந்து வாசலில் முட்டும் மனை ஆகாது என்று எங்கள் பக்கத்தில் யாரும் வாங்க மாட்டார்கள். வாங்கிவிட்டவர்கள் எங்களிடம் வருவார்கள். அண்ணன் வாசலை இரண்டடி தள்ளி வரைந்து கொடுப்பார்.

நைனார்பாளையத்தில் அவருடைய வீடே தெருக்குத்தில்தான் நிற்கிறது. அதை அன்றுதான் சொன்னார். அவருக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா கிணற்றில் விழுந்து போனார். பிறகு அவருக்கு மூத்தவர் ஒருவர், காய்ச்சலில். அம்மா சுவரில் மாடம் வைத்துப் பிள்ளையாரை உட்கார வைத்தார். தங்கை மணிமொழிக்கு முப்பத்திரண்டு வயதாகிறது. நான்கு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நான்காவது குடும்பம் வேனை விட்டு இறங்கி, தெருவைப் பார்த்து, வீட்டைப் பார்த்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏறிக்கொண்டது.

"எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை கெடையாது கவி" என்றார்.

வீடு வைப்பது ஒரு சொடுக்குதான். அரை நாளில் முடிந்திருக்கும். அவர் நான்கு நாள் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு மரத்தையும் எடுத்துவிட்டு வீட்டை வைத்து, ஊரைச் சாய்த்து, கண்ணை மூடி, விரலை நிறுத்திப் பார்த்து, நாற்காலியில் சாய்ந்துகொள்வார். மூட்டை இறக்கியவரைப் போலக் களைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை நாற்பத்திரண்டு முடிந்தது. பாக்கி, மில் தெருவின் கோடி. ஊரிலேயே நீளமான, நேரான தெரு அது. வீட்டை வைத்தார். விரலை நிறுத்தினார். எடுத்தார். மறுபடி வைத்து மறுபடி எடுத்தார்.

"நான் வெக்கட்டாணா?" என்று கேட்டேன்.

"வேணாம். நீ வெச்சா உம்மேல வரும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் என் கை மௌசின் பக்கம் போகவில்லை. மரத்தைத் திரும்ப நட்டு, ஏழு மணிக்கு ஊரை அனுப்பினார்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. வீடுகள் அழகாகப் பொருந்தியிருக்கின்றன. மில் தெருவின் கோடி மட்டும் அப்படியே இருக்கிறது, மறந்துவிட்டீர்களா? கேட்ட திருத்தத்தை முழுதாகச் செய்கிறவர் எங்களுக்குத் தேவை, அதனால் இன்னொருவரை எடுத்திருக்கிறோம்.

"மறக்கலன்னு எழுதட்டாணா?" என்றேன்.

"வுடு. அத்தப் புரியவெக்க எங்கிட்ட இங்கிலீஷும் கம்மி, தெம்பும் கம்மி." அஞ்சலை மூடிவிட்டு, நான் அளந்து வந்த தாளை இழுத்து வைத்துக்கொண்டார். "இது இன்னா, தெக்கு வாசலா?"

"ஆமாணா."

அடுப்பைத் தூக்கி மூலையில் வைத்தார். அதற்குப் பிறகு ஹாரோபெக்கை அவர் திறந்து நான் பார்க்கவில்லை.

ஐப்பசியில் ஒரு மனையை அளக்க நைனார்பாளையம் போனேன். அண்ணன் வீட்டு வாசலுக்கு எதிரே தொடங்கும் அதே தெருவில், உள்ளே தள்ளி, அரசு வீட்டுத் திட்டத்தில் பாப்பாத்தி அம்மாவுக்கு வந்த வீடு. கூலி வேலைக்குப் போகிறவர். டேப்பின் மறுமுனையை அவர்தான் பிடித்துக்கொண்டு நின்றார். தெருக்கோடியில் அண்ணனின் வீடு தெரிந்தது.

"தெரிஞ்சே தெருக்குத்துல கட்டிட்டாங்களே" என்றேன்.

"யாரு சொன்னா? அந்த வூடு கட்டச்சொல்ல, அப்ப இங்க தெருவே கெடையாது தம்பி. இதெல்லாம் அவங்க பயிர் வெச்ச கொல்லை. எங்க சனங்க மெயின் ரோட்டுக்கு வரணும்னா வரப்புமேலதான். ஒரு மழைல பொணத்தத் தூக்கிக்கினு வரச்சொல்ல வழுக்கிப் பாடையோட வுழுந்துட்டாங்க. சேகரு அப்பா வாசல்ல நின்னு பாத்துக்கினு இருந்தாரு. மறுவாரமே பயிர அழிச்சிட்டுப் பதினாறு அடி வழி வுட்டாரு. ஓரமா வுடுங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. ஓரம் பள்ளம், தண்ணி நிக்கும்னு நேரா வுட்டுட்டாரு."

பாப்பாத்தி அம்மா சொன்ன கணக்கில், வீடு கட்டி ஏழு வருஷம் கழித்துத்தான் அந்தத் தெரு வந்திருக்கிறது.