புயல் அக்கா போட்ட ரயில் டிக்கெட்

எங்கள் டிராவல்ஸ் கடையில் டிக்கெட் போடுகிற அக்காவுக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் புயல் அக்கா. கோபக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கடையில் கோபக்காரன் நான் ஒருவன்தான். பக்கத்து மேசையில் விசா வேலை பார்க்கிறேன். அக்கா குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கடலில் எங்கேயோ காற்றழுத்தம் என்று செய்தி வந்தால் போதும், கம்ப்யூட்டரில் வானிலைப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பயணம் போகவிருக்கும் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

விமானக் கம்பெனிக்காரனே ரத்து செய்யட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்பது என் கட்சி. அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார்.

"ரத்தானதும் அத்தனை பேரும் கவுன்டர்ல போய் முட்டி மோதுவாங்க. அப்ப யாருக்குப்பா சீட்டு கிடைக்கும்? இப்பவே மாத்தினா கட்டணமும் கிடையாது, காலை விமானத்துல இடமும் இருக்கு."

சாயங்கால விமானத்தை அவர் நம்பவே மாட்டார். காலையில் ஒன்று தாமதமானால் அடுத்தடுத்து எல்லாமே தாமதமாகும் என்பார். மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், வீட்டைப் பூட்டுவதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுங்கள் என்று ஆளாளுக்குப் புத்திமதி வேறு. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. கூடவே ஒரு கேள்வி கேட்பார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கிளம்பற அன்னைக்கு என்ன வெச்சிருந்தீங்க?"

போச்சு! ஒருவர் பல் பிடுங்கக் குறித்திருந்த நேரத்தைச் சொல்வார், இன்னொருவர் தங்கைக்குக் கட்டில் வாங்கப்போவதைச் சொல்வார். தேதியை மாற்ற வந்தோமா, ஊர்க்கதை கேட்க வந்தோமா என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

அந்த வாரமும் புயல் என்றார்கள். எங்கள் பழைய வாடிக்கையாளர், கிரேன் ஓட்டுகிற தம்பி ஒருவர் விடுப்பில் வந்திருந்தார். வேலை வெளிநாட்டுத் துறைமுகத்தில். சொன்ன நாளில் போய்ச் சேராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். புயலோ, அவர் கிளம்புகிற அன்றைக்குச் சாயங்காலம்தான் கரையைக் கடக்கும் என்றார்கள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? முதல் நாள் விமானத்துல தள்ளி விடுங்கக்கா" என்றேன்.

அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பெருசா ஒண்ணுமில்லக்கா. பாப்பா கூட இருக்கலாம்னுதான். வந்ததுலேருந்து கிட்டவே வர மாட்டேங்கறா. அந்த மாமா எப்பப் போவாருன்னு அவங்கம்மாகிட்ட கேக்கறா. நேத்துதான் என் கையிலேருந்து ஒரு பிஸ்கட் வாங்கினா. இன்னும் ஒரு நாள் இருந்தா ஒருவேளை..." சட்டென்று நிறுத்தினார். "பரவால்ல, மாத்திடுங்க. வேலை போயிட்டா அப்புறம் என்ன பண்றது?"

அக்கா மாற்றவில்லை. வானிலைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "தம்பி, உங்க மச்சினன் வீடு உள்நாட்டுப் பக்கம்தானே? அந்த ஊர் ஏர்போர்ட்டுக்குக் காத்து போகாது. நான் அங்கேருந்து சாயங்கால விமானத்துல ஏத்தி விடறேன். காலையில ரயில் இருக்கு, பகல் பூரா ஓடும். சம்சாரத்தையும் பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. நீங்க விமானம் ஏறினதும் அவங்க மச்சினன் வீட்டுலயே தங்கிட்டு, இங்க எல்லாம் அடங்கினப்புறம் வரட்டும்."

"சாயங்கால விமானமா? நீங்களா?" என்று நான் கிண்டல் செய்தேன். காதில் வாங்கவில்லை. கிளம்புகிற ஊரையே மாற்ற வேண்டும் என்றதும் விமானக் கம்பெனியில் அவரை இழுத்தடித்தார்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மதியச் சாப்பாட்டைக்கூடத் திறக்காமல், கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவிட்டார்.

அந்த நாளும் வந்தது. புயல் திசை மாறிப் போயே போய்விட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது. எங்கள் ஊரிலிருந்து அவர் போயிருக்க வேண்டிய விமானம் நேரம் தவறாமல் கிளம்பியது.

"நிம்மதியா வீட்டுல இருந்திருக்க வேண்டிய மனுஷனை, குழந்தை குட்டியோட ரயில்ல அலைய விட்டுட்டியேம்மா" என்று முதலாளி முகம் சுளித்தார். எனக்குக் கேட்கவா வேண்டும்? நானும் என் பங்குக்கு நாலு வார்த்தை சொன்னேன்.  அக்காவின் முகம் சுண்டிப்போனது.

இருட்டுகிற நேரத்தில் தம்பியின் போன் வந்தது, அந்த ஊர் விமான நிலையத்திலிருந்து. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"மன்னிச்சுக்கங்க தம்பி" என்று அக்கா முந்திக்கொண்டார். "புயல் வரல. உங்களை வீணா அலைய வெச்சுட்டேன்."

"அட, நீங்க வேறக்கா! பாதி வழியில ஒரு சுரங்கம் வந்துச்சு. பெட்டி பூரா கும்மிருட்டு. பாப்பா பயந்துபோய்ப் பாய்ஞ்சு என் கழுத்தைக் கட்டிக்கிட்டா. வெளிச்சம் வந்தப்புறமும் விடல. அப்பா, இன்னும் இருட்டு வருமான்னு கேட்டா. அப்பான்னு கூப்பிட்டாக்கா!"

கையிலிருந்த விசா பாரத்தில் தப்பான கட்டத்தில் எழுதிவிட்டேன். அதற்காக என் மேலேயே கோபம் வந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லதாப் போச்சு தம்பி" என்றார்.

"எங்கக்கா நல்லது?" அவர் குரல் உடைந்துவிட்டது. "இத்தனை தடவை போயிருக்கேன், அவ ஒரு தடவைகூட அழுததில்ல. இன்னைக்கு வாசல்ல என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டா. பிரிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு. உள்ள வந்துட்டேன், இன்னும் அவ அழற சத்தம் கேக்குது."

அக்கா கம்ப்யூட்டரில் திறந்திருந்த வானிலைப் படத்தை மூடினார். நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அக்கா, இருக்கீங்களா?"

"சொல்லுங்க தம்பி."

"அடுத்த தடவை வர்றதுக்கு மட்டும் டிக்கெட் போடுங்க. திரும்பிப் போறதுக்குப் போடாதீங்க."