நீச்சல் தெரியும் என்று எழுதியவர்கள்

கடல் இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கடலுக்கு ஆள் அனுப்புவது ஒரு தொழில் என்றால், அதை நான் ஐந்து வருஷம் செய்திருக்கிறேன். செகந்திராபாதில் ஒரு சிறிய டிராவல் ஏஜென்சியில் கவுன்ட்டர் என்னுடையது. மாதாபூர் பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குக் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். ஆறு மாதம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்த பையன்கள், அங்கே படகில் போய் மீன் பிடித்த கதையைப் பேசிக்கொண்டு டிக்கெட் வாங்க வருவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எங்கள் முதலாளி பாஸ்கர் ராவ் இதை ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயில், சனிக்கிழமை விசாகப்பட்டினம், ஞாயிறு விடிந்ததும் அப்பலராஜு என்ற மீனவரின் ஃபைபர் படகில் ஐந்து மணி நேரம். தூண்டிலும் இரையும் அவர் தருவார். எங்கே போட வேண்டும், எப்போது இழுக்க வேண்டும் என்பதையும் அவரே சொல்வார்.

எனக்கு நீச்சல் தெரியாது. உசேன் சாகர் ஏரியில் புத்தர் சிலைக்குப் போகும் லாஞ்சில் ஒரே ஒரு முறை ஏறி, திரும்பி வரும்வரை கம்பியை விடாமல் பிடித்திருந்ததோடு என் கடலோட்டம் முடிந்தது. அப்படிப்பட்டவன் வாராவாரம் ஆறு பேரை அனுப்பிவிட்டு, ஆறு பேரும் கரை ஏறினார்கள் என்ற செய்திக்காகக் காத்திருந்தேன். யாரையாவது எங்கேயாவது அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கும் வியாதி உங்களுக்கும் உண்டென்றால் நாம் ஒரே கட்சி, மேலே படியுங்கள்.

கரை தெரிகிற கடல்

நோட்டீசில் ‘டீப் சீ ஃபிஷிங்’ என்று அச்சடிக்கச் சொன்னார் பாஸ்கர் ராவ். அப்பலராஜுவின் படகு கலங்கரை விளக்கம் மறையும் தூரத்துக்குப் போவதே இல்லை, அதை ஆழ்கடல் என்பது பொய் என்று நான் வாதாடினேன். அவர் கேட்கவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து அகராதியைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தேன். அதன் தடிமனைப் பார்த்தே ‘இன்ஷோர்’, அதாவது கரையோரம், என்று மாற்ற ஒப்புக்கொண்டார். இதில் எனக்கு ஒரு சுயநலம் இருந்தது. கரை தெரிகிற கடலில் யாருக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி இறங்கும்.

ஏதோ வேலையாக அப்பலராஜு ஒருமுறை ஊருக்கு வந்தவர், ஆபீசுக்கும் வந்தார். டீ வாங்கிக் கொடுத்து, “கரை பக்கத்திலேயே இருக்கு, பயமில்லைதானே?” என்று கேட்டேன். அவர் டீயை நிதானமாக ஆற்றிக் குடித்துவிட்டு, தெலுங்கில் சொன்னது இது: “நடுக்கடல்ல அலை உடையாது சார். கரைகிட்டதான் உடையும். எங்க குப்பத்துல போனவங்க அத்தனை பேரும் கரை தெரியற இடத்துலதான் போனாங்க.”

நாலு ஜாக்கெட்

படகில் ஆறு பயணிகள் ஏறலாம். லைஃப் ஜாக்கெட் இருந்தது நாலு. இந்தக் கணக்கைச் சரிக்கட்டத்தான் விண்ணப்பப் படிவத்தில் ஏழாவது கேள்வி வந்தது: நீச்சல் தெரியுமா? தெரியாது என்று எழுதினால் ஜாக்கெட் உண்டு. தெரியும் என்று எழுதினால் கிடையாது.

இன்னும் இரண்டு வாங்கிவிடலாம் என்று நான் முதலாளியிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அவர் பொறுமை இழந்து, அதுவரை சேர்ந்திருந்த படிவக் கட்டை எடுத்து என் எதிரில் ஒவ்வொன்றாகப் புரட்டினார். தெரியும், தெரியும், தெரியும். ஒன்றில்கூடத் தெரியாது என்ற சொல் இல்லை. கட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: “ஏமய்யா, இவங்க எல்லாரும் மீன் வயித்துல பொறந்தவங்க. இருக்கற நாலே தண்டம்.”

அடுத்த ரவுண்டு

தக்காணப் பீடபூமியில் பிறந்து, கிணற்றையும் போர்வெல் ஆக்கிவிட்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள் எல்லாருக்கும் நீச்சல் தெரிந்திருக்க முடியாது என்று என் பூகோள அறிவு சொன்னது. மெகபூப்நகர் என்ற வறண்ட சீமையிலிருந்து வந்து, இன்டர்வியூ மேல் இன்டர்வியூ தாண்டி வேலையில் சேர்ந்திருந்த ஒரு பையனைப் பிடித்து, எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். குளத்திலா? இல்லை. ஆற்றிலா? எங்க பக்கம் ஆறு கிடையாது சார். பிறகு?

பத்திரிகைக்காரர்களிடம் மாட்டிக்கொண்ட மந்திரி மாதிரி சிறிது நேரம் கூரையைப் பார்த்தான். அப்புறம் உண்மையைச் சொல்லிவிட்டான்: “ஃபார்ம்ல ‘நோ’ன்னு போட்டா யாரு சார் அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிடுவாங்க?”

பத்தரை மணி

ஞாயிறு பத்தரைக்குள் அப்பலராஜு போன் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதற்கு உரிய உணர்ச்சி இரங்கல், அதாவது போனவர் வரவில்லையே என்று கரையில் நின்று கலங்குவது. அது கடற்கரைக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். கடலிலிருந்து ஒரு ராத்திரி ரயில் பயணத் தொலைவில், திருமுல்கேரியில் என் வீட்டு டெலிபோன் ஸ்டூல் பக்கத்திலும் அது நன்றாகவே விளையும்.

ஒரு ஞாயிறு பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, போன் வரவில்லை. நான் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த ஆறு பேரில் எத்தனை பேர் மெகபூப்நகர் என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். அவர்கள் வீட்டு நம்பர் படிவத்தில் இருந்தது. முதலில் யாருக்குச் சொல்வது, எந்த மொழியில், எந்த வார்த்தையில் தொடங்குவது என்பதுவரை யோசித்துவிட்டேன். பதினொன்றே முக்காலுக்கு அப்பலராஜு கூப்பிட்டு, போனைக் கரையில் சட்டைப் பையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனதாகவும், சட்டை வீட்டுக்குப் போய்விட்டதாகவும் சொன்னார். நான் வியர்வையில் சட்டையெல்லாம் நனைந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் மனைவி துண்டைக் கொண்டுவந்து போட்டாள். “அவங்க படகுல சுகமா உக்காந்திருக்காங்க. நீங்க ஏங்க இங்க முழுகறீங்க?”

காஞ்சன்பாக்கிலிருந்து ஓர் அம்மா

போனில் என் பேச்சைக் கேட்டதும், “நீங்க தமிழா? நல்லதாப் போச்சு,” என்றார் அந்த அம்மாள். காஞ்சன்பாக்கில் தொழிற்சாலைக் குடியிருப்பு; கணவர் அங்கே போர்மன். பையன் வெள்ளிக்கிழமை எங்களிடம் கிளம்புகிறான். “அவன் நீச்சல் தெரியும்னு எழுதிட்டானாமே. தம்பி, அவன் பக்கெட்டைத் தாண்டித் தண்ணி பாத்ததில்லை. நான் சொன்னேன்னு சொன்னா போகவே மாட்டான், மானம் போச்சும்பான். போகட்டும், ஆனா திரும்பி வரணும்.”

அன்றைக்கு என் உத்தியோக வாழ்க்கையின் முதல் மோசடியைச் செய்தேன். பையனின் படிவத்தை எடுத்து, ‘யெஸ்’ என்பதை அடித்துவிட்டு, முடிந்தவரை அவன் கையெழுத்திலேயே ‘நோ’ என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை டிக்கெட் வாங்க வந்தவன் அதைப் பார்த்துவிட்டான். நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவன், முகம் சிவந்து, குரலை உயர்த்தாமல் சொன்னான்: “அங்கிள், திஸ் இஸ் டேட்டா டேம்பரிங்.”

மூன்று வருட அனுபவம்

எல்லாப் படிவத்தையும் நானே திருத்திக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஏழாவது கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘தெரியும் எனில் அத்தாட்சி இணைக்கவும்.’ இதற்குமேல் ஒருவரும் கதை விட முடியாது என்று மூன்று வாரம் பெருமையாக இருந்தேன்.

நான்காவது வாரம் ஆறு படிவங்கள் ஆறு சான்றிதழ்களோடு வந்தன. ஆறிலும் ஒரே கையெழுத்து, ஒரே முத்திரை. மூன்று வருடம் இரண்டு மாதம் நீச்சல் அனுபவம். விலகிய காரணம்: மேலும் நல்ல வாய்ப்பு. நீச்சல் குளத்தின் முகவரி, வேலை தேடுகிறவர்களுக்கு அனுபவச் சான்றிதழ் அடித்துத் தரும் கடைகள் நிறைந்த அமீர்பேட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி, லிஃப்டுக்கு எதிரில். அப்பலராஜுவுக்குப் போன் செய்து, ஆறு பேரில் அதிகமாகப் பேசும் நால்வருக்கு ஜாக்கெட் மாட்டிவிடச் சொன்னேன். “நான் பாத்துக்கறேன் சார்” என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதவில்லை. கிளம்புமுன் அந்தப் பையன்களில் ஒருவனைக் கூப்பிட்டு, பொய்தான் எழுதுகிறாய், அதில் மூன்று வருடம் எதற்கு, ஆறு மாதம் போதாதா என்று கேட்டேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “மூணு வருஷத்துக்குக் கம்மியா அவங்க அடிக்கறதே இல்ல சார்.”

குறை சொல்பவர்கள்

கடைசியில் பாஸ்கர் ராவ் என் நச்சரிப்புத் தாங்காமல், “நீயே ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வா, அப்புறம் பேசு,” என்றார். ஒரு கம்பெனியிலிருந்து ஐந்து பேர் போகிறார்கள், ஆறாவது இடம் காலி. மறுக்க முடியவில்லை. ரயிலில் நான் தூங்கவில்லை.

அந்த ஐவரில் நால்வர், மற்றவர் எழுதிய புரோகிராமில் குறை கண்டுபிடிக்கும் வேலை பார்ப்பவர்கள். பழக்கதோஷத்தில் தங்கள் குறையையும் மறைக்காமல் எழுதிவிட்டார்கள். ஐந்து வருஷத்தில் முதல்முறையாக நாலு ‘நோ’. அவர்களுடைய டீம் லீடர் கிரண் மட்டும் ‘யெஸ்’. கரையில் அப்பலராஜு என்னிடமும் ஒரு படிவத்தை நீட்டினார். பயணி யாராக இருந்தாலும் படிவம் வேண்டும் என்று சட்டம் போட்டவன் நான்தான். அத்தாட்சி கேட்ட வரியை மட்டும் அந்த ஆறு சான்றிதழ்களுக்குப் பிறகு நானே எடுத்துவிட்டிருந்தேன். ஏழாவது கேள்விக்கு வந்தேன். நான் உண்மையை எழுதினால் அந்த நால்வரில் ஒருவர் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும். அவர்கள் அதை ஏற்கெனவே மாட்டி, பட்டையைச் சரிபார்த்து, ஒருவர் பட்டையை இன்னொருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெரியும் என்று எழுதினேன். எட்டிப் பார்த்த கிரண் என் முதுகில் தட்டினான். “சபாஷ் அங்கிள், நம்ம ரெண்டு பேர்தான் சீனியர்ஸ்.”

தூண்டில் இழுத்தபோது

கரையோரம் உடையும் அலையைப் படகு தாண்டும்வரை நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தேன். தாண்டியதும் அப்பலராஜு இரண்டு காலி டீசல் கேன்களை எடுத்தார். மூடி இறுக்கி, கேனின் கழுத்தில் நீளக் கயிறு போட்டு, மறுமுனையைப் படகில் கட்டியிருந்தது. ஒன்றைக் கிரண் இடுப்பிலும் மற்றதை என் இடுப்பிலும் முடிந்தார். நீச்சல் தெரிந்தவனுக்கு எதற்கு என்று கிரண் முறைத்தான். “தெரியாதுங்கறவங்க கம்பியைப் பிடிச்சு ஒழுங்கா உக்காருவாங்க பாபு. தெரியும்னு எழுதினவங்கதான் எழுந்து நிப்பாங்க,” என்றார் அப்பலராஜு. முதல் வாரத்திலிருந்தே இப்படித்தானாம். எழுதினது என்ன என்று பார்ப்பாராம், ஆனால் ஒருவரையும் நம்ப மாட்டாராம். கேன் கட்டிக்கொண்டு போனதை இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட என்னிடம் வந்து சொல்லவில்லை. சொன்னால் எதற்குக் கட்டினார் என்று நான் கேட்பேனே.

ஒரு மணி நேரம் கழித்துக் கிரணின் தூண்டிலைப் பெரிதாக ஏதோ இழுத்தது. அவன் எழுந்து நின்றான். உட்காருங்க என்று அப்பலராஜு சொல்லி முடிப்பதற்குள் படகு ஒருபக்கம் சாய்ந்தது. அவன் நின்ற இடத்தில் வானம் தெரிந்தது. தண்ணீருக்கு மேலே முதலில் வந்தது கேன். அதற்குப் பிறகு ஒரு கை, அது எதையும் பிடிக்காமல் காற்றை அடித்தது. தலை வருவதற்குள் நான் அவனுடைய படிவத்தில் இருந்த வீட்டு நம்பரை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். நால்வரும் சிலையாக உட்கார்ந்திருந்தார்கள். என் இரண்டு கையும் கம்பியில் இருந்தன. விடச் சொன்னேன், விடவில்லை. அப்பலராஜு அவசரமே இல்லாமல் கயிற்றைப் பிடித்து, வலை இழுப்பதுபோலக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்து, அவனைப் படகுக்குள் புரட்டிப் போட்டார்.

கிரண் வெகுநேரம் இருமினான். மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர் வந்தது. மூச்சு சீரானதும் அவன் தலையைத் திருப்பி, கம்பியைப் பிடித்தபடியே இருந்த என்னைப் பார்த்தான்.

“அங்கிள், நீங்களும் தெரியும்னுதானே எழுதினீங்க, ஏன் குதிக்கலை?”

கடலுக்கு ஆள் அனுப்பும் ஆபீசுக்கு வேண்டியது ஒரு டெலிபோன், ஒரு பேனா, படிவத்தைப் படித்துவிட்டும் நம்பாத ஒரு படகுக்காரர். மற்ற வேலைகளையெல்லாம் பயமே பார்த்துக்கொள்ளும்.