பூட்டியிருந்த வீட்டு வைஃபை

பேய், பிசாசு, காத்து கருப்புன்னு யாராவது ஆரம்பிச்சாங்கன்னா நான் எழுந்து போய் காய்ஞ்ச துணியை மடிக்கிற ஆளுங்க. எங்க தெரு வேப்பமரத்துல மோகினி இருக்குதுன்னு ஊரே சொன்னப்போ, அந்த மரத்துலதான் நான் எம்பொண்ணுக்குத் தூளி கட்டுனேன். அப்படியாப்பட்ட நான் சொல்றேன், நம்பினா நம்புங்க, நம்பலன்னா காபியைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க, எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல.

அப்போ எங்க வீட்டுக்காரர் குவைத்துல இருந்தாரு. எனக்கு அத்தை பையன், அதனால சின்ன வயசுலேர்ந்தே பாவா, கல்யாணத்துக்கு அப்புறமும் பாவாதான். நான் முழுகாம இருக்கும்போது போனவரு, ரொட்டி கம்பெனியில நைட் ஷிப்ட்டு. பொண்ணு பொறந்து தவழ்ந்து எழுந்து நிக்குது, அப்பனும் பொண்ணும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்ததில்ல. எனக்கு ஒரே பயம் என்னன்னா, எதிர்வீட்டுக்காரர் மஸ்கட்லேர்ந்து வந்தப்போ அவர் பையன், "அம்மா, யாரோ மாமா வந்துகிறாரு"ன்னு கத்திகினு உள்ள ஓடிட்டான். அந்த மனுஷன் பெட்டியைக்கூட திறக்காம கொல்லையில போய் உக்காந்துட்டாரு. அந்தக் கதி என் பாவாவுக்கு வரக்கூடாது, எம்பொண்ணு பார்த்ததும் நைனான்னு கூப்பிடணும். எனக்கு வேண்டியது அவ்ளோதாங்க.

பாவா ஊருக்கு வர்ற ஒருத்தர்கிட்ட பழைய லேப்டாப் ஒண்ணு குடுத்தனுப்பினாரு. வீட்டுல நெட்டு ஏது? முன்கட்டு பூரா பவர்லூம்தான் இருந்துச்சு. என் கொழுந்தன் பாபு, கனகம்மாசத்திரத்துல செல் ரிப்பேர் கடையில வேலை செய்றவன், லேப்டாப்பை மடியில வெச்சிகினு நோண்டிட்டு, "அண்ணி, வனஜான்னு ஒரு வைஃபை வருது, பூட்டே போடல, எடுத்துக்கலாம்"னான்.

வனஜாங்கிறது பக்கத்து வீடு. நான் கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து பூட்டித்தான் இருக்குது, கேட்டுல வனஜான்னு பேர்ப்பலகை மட்டும் தொங்கும். அந்த அம்மா ரிட்டையராகி பையனோட பெங்களூர் போயிட்டாங்கன்னு அத்தை சொல்லியிருந்தாங்க.

மாமா, அதாங்க என் மாமனாரு, தறியை நிறுத்திட்டு வந்தாரு. "அடுத்தவங்க வீட்டு கருவேப்பிலையைக்கூட கேக்காம கிள்ளக்கூடாது. கண்ணுக்குத் தெரியலன்னா அது திருட்டு இல்லையாடா?"

"காத்துல வர்றதுக்கு யாரு நைனா பர்மிஷன் கேப்பாங்க?"ன்னான் பாபு. அப்புறம் அவனே தலையைச் சொறிஞ்சிகினு, "ஆனா போலீஸ் கேஸ் ஆவும்னு கடையில பேசிக்கிறாங்க. திறந்து கெடக்குற நெட்டுல எவனாவது மிரட்டல் அனுப்பினா, மொதல்ல வீட்டுக்காரங்களைத்தான் புடிப்பாங்களாம். நம்ம அண்ணி என்ன மிரட்டலா அனுப்பப் போறாங்க?"ன்னான்.

நான் மாமா சொன்ன கருவேப்பிலைப் பேச்சைத்தான் புடிச்சிகினேன். எங்க தெருவுல ஆள் இல்லாத வீடுன்னாலும் வெளிய நின்னு ஒரு குரல் குடுத்துட்டுத்தான் இலையைக் கிள்ளுவோம். அதே மாதிரி அந்தப் பூட்டின கேட்டுக்கிட்ட போய், "வனஜாம்மா, கொஞ்சம் நெட்டு எடுத்துக்கிறேங்க, கொழந்தை அப்பாவைப் பார்க்கணும்"னு சொல்லிட்டு வந்தேன். பாபு விழுந்து விழுந்து சிரிச்சான். சிரிக்கட்டும், எனக்கு மனசு ஆறிச்சு.

அப்போல்லாம் தினமும் மத்தியானம் கரண்ட் கட்டு. தறி ஓடும்போது பக்கத்துல நின்னு கத்தினாலே கேக்காது, அதனால கரண்ட் போனாத்தான் நான் பாவாகிட்ட பேச முடியும். அந்த நேரத்தை நீங்க எங்க தெருவுல வந்து பார்த்திருக்கணும். அத்தனை வீட்டுத் தறியும் ஒண்ணா நின்னுரும். காதுக்குள்ள அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் தானா ஓடிகினு இருந்துட்டு, மெதுவா அடங்கும். அப்புறம் மலை மேல முருகன் கோயில்ல அடிக்கிற மணி, எங்கேயோ ஒரு ஆடு கத்துறது, அவ்ளோதான். தெருவே தண்ணிக்கு அடியில இருக்குற மாதிரி இருக்கும். நான் கேட்டாண்ட போய்ச் சொல்லிட்டு வந்து, பாப்பாவை மடியில வெச்சிகினு லேப்டாப்பைத் திறப்பேன். வனஜான்னு பேரு வந்து நிக்கும். ஹெட்போன்ல ஒரு பொம்பளைக் குரல், நிதானமா, "லைன்ல இருக்காங்க, பேசுங்க"ன்னும். அப்புறம் பாவா மூஞ்சி வரும்.

அந்தக் குரலைப் பத்தி நான் ஒண்ணும் நினைக்கல. லேப்டாப்புலயே வர்றதுன்னு நினைச்சேன். பாவாவுக்கும் கேக்கும், அவரும் அப்படித்தான் நினைச்சிருக்காரு. பாப்பா காதுலயும் ஒரு பக்கம் வெப்பேன். அந்தக் குரல் வந்தாலே கையைத் தட்டுவா, திரையில அவர் மூக்கைப் புடிச்சு இழுப்பா. நான் "நைனா, நைனா"ன்னு சொல்லிக் குடுப்பேன். ஒரு நாள் சோம்பேறித்தனமா கேட்டாண்ட போகாம உக்காந்தேன், பேரே வரல. எழுந்து போய்ச் சொல்லிட்டு வந்தேன், வந்துருச்சு. சிக்னல் அப்படித்தான் வரும் போகும்னு விட்டுட்டேன். கழுதை, அப்பவாவது யோசிச்சிருக்கணும்.

பாபுவுக்கு லீவு ஒரு நாள். நான் பேசி முடிக்கிற வரைக்கும் வாசப்படியில நின்னு பார்த்துகினே இருந்தான்.

"அண்ணி, கரண்ட் இல்லையே."

"அதான் பேட்டரியில ஓடுதேடா."

"உங்க லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கு. அந்த வீட்டு மோடத்துக்கு?"

உங்களுக்குத் தோணுறதுதான் எனக்கும் தோணிச்சு. இன்வெர்ட்டர் இருக்கும்டான்னேன். அவன் செவுத்தை எகிறிக் குதிச்சுப் போய்ப் பார்த்துட்டு வந்தான். வரும்போது அவன் மூஞ்சியில சிரிப்பு இல்ல. கம்பத்துலேர்ந்து வர்ற கரண்ட் ஒயரையே வெட்டிச் சுருட்டி வெச்சிருக்குதாம். போன் ஒயரும் அறுந்து தொங்குதாம்.

வீட்டை வித்துத் தர்றேன்னு சுத்திகினு இருந்த புரோக்கர்கிட்ட வனஜாம்மா பையன் நம்பரை வாங்கினேன். முறையா கேட்டுருவோம்னுதான் போன் பண்ணேன். "சார், உங்கம்மா வீட்டு நெட்டை நாங்க எடுத்துகினு இருக்கோம், தப்பா நினைச்சுக்காதீங்க"ன்னேன்.

அதுக்கு அவரு சொன்னாரு, "அம்மா தவறி ரொம்ப நாளாச்சுங்களே. அவங்க இங்க வந்த உடனே அந்த லைனை எடுத்துட்டோம். மோடம் இங்க என் பீரோ மேலதான் கெடக்குது."

போனை வெச்சிருக்கலாம். வாய் சும்மா இருக்கல, "அம்மா என்ன வேலை செஞ்சாங்க சார்?"னு கேட்டேன்.

"டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ட்ரங்க் கால் ஆபரேட்டர். வெளிநாட்டுக்குப் போனவங்களுக்கெல்லாம் அம்மாதான் லைன் போட்டுக் குடுப்பாங்க. வீட்டுல எனக்குப் போன் வந்தாக்கூட, லைன்ல இருக்காங்க, பேசுங்கன்னுதான் குடுப்பாங்க." சொல்லிட்டு அவரே லேசா சிரிச்சாரு.

மறுநாள் மத்தியானம் கேட்டாண்ட போய் நின்னேன். இத்தனை நாளும் நான் எடுத்தது திருட்டா, கேட்டு வாங்கினதா? குடுத்தாங்கன்னா யாரு குடுத்தாங்க? ஒண்ணும் பேசாம திரும்பி வந்துட்டேன். லேப்டாப்புல அந்தப் பேரு இல்ல. மனசு கேக்காம அடுத்தடுத்த நாள் போய் வனஜாம்மா வனஜாம்மான்னு கூப்பிட்டும் பார்த்தேன், அந்தப் பேரு வரவே இல்ல. இப்படிப் பயந்து கெடுத்துகினியேடின்னு என்னையே திட்டிகினு அழுதேன். பாவா வர்றதுக்கு இன்னும் மாசக்கணக்குல இருந்துச்சு. அதுக்குள்ள கொழந்தை அவர் மூஞ்சியை மறந்துரும்னு எனக்குத் தெரியும்.

அவர் வந்தது ஆடிக் கிருத்திகை அன்னைக்கு. பஸ்ஸை ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. தெரு பூரா மஞ்சத் துணி, காவடி, அரோகரா. அதுக்கு நடுவுல பெட்டியைத் தலைமேல வெச்சிகினு நடந்து வர்றாரு மனுஷன். வாசல்ல பெட்டியை இறக்கிட்டு ரெண்டு கையையும் நீட்டினாரு, ஆனா கிட்ட வரல, அவருக்கும் அந்த எதிர்வீட்டுக் கதை தெரியும். பாப்பா என் இடுப்புல இருந்து அவரையே பார்த்தா. உதடு பிதுங்குச்சு. போச்சு, அழப்போறான்னு நினைச்சேன்.

அழல. எனக்குப் பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரி திரும்பிப் பார்த்தா. அங்க யாருமே இல்ல. பார்த்து லேசா தலையை ஆட்டிட்டு, என்னைப் பார்த்து, அம்மாங்கிறதையே திருத்தமா சொல்லத் தெரியாத கொழந்தை, நிதானமா சொன்னா:

"லைன்ல இருக்காங்க, பேசுங்க."

சொல்லிட்டு "நைனா"ன்னு அவர்மேல பாய்ஞ்சிட்டா. பாவா தெருவுலயே உக்காந்து அழுதாரு. காவடிக்காரங்க எங்களைச் சுத்திகினு போனாங்க.

இப்போ அவ காலேஜ் போறா. அதெல்லாம் ஒண்ணும் ஞாபகம் இல்லங்கிறா. பாவா மறுபடியும் குவைத்து. வீட்டுல சொந்தமா நெட்டு இருக்குது, பாபு பூட்டுப் போட்டுத்தான் வெச்சிருக்கான். ஆனா ஒண்ணு, மத்தியானத்துல கரண்ட் போய் தறியெல்லாம் நின்னுச்சுன்னா, அவ படிச்சிகினு இருந்தாலும் தலையைத் தூக்கி யாரோ சொல்றதைக் கேக்குற மாதிரி இருப்பா. அப்புறம், "அம்மா, நைனா லைன்ல இருக்காரு"ம்பா. அவ சொன்ன பிறகுதாங்க என் போனு அடிக்க ஆரம்பிக்கும்.